பக்கவாத்தியக்காரர்களின் கசெட்

எண்பதுகளின் நடுவில், லண்டனில், தபேலாக்காரனாகிய என் இடத்துக்கு ஒரு பொத்தான் வந்தது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஒரு மின்சாரக் கீபோர்ட் வாங்கினார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக வரும். இன்னொன்றை அழுத்தினால் வயலின், மற்றொன்றில் புல்லாங்குழல். அந்தப் பொத்தான்கள் ஷிப்டுக்குப் போவதில்லை. கலியாண வீட்டில் இரண்டாம் பந்தி வரைக்கும் பசியோடு காத்திருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை.

அதற்கு முன்னால் ஆறேழு வருடமாக நாங்கள் ஐந்து பேர் ஒரு கோஷ்டி. மச்சான் ஆர்மோனியம். மற்ற நால்வரும் அவருக்குப் பக்கவாத்தியம்: வயலின், புல்லாங்குழல், மண்டலின், என் தபேலா. பாட்டுக்காரர் கிடையாது. மச்சான் கட்டிய மெட்டுகளை வாத்தியங்களில் மட்டும் வாசிப்போம். ஆர்ச்வே முருகன் கோயில் விழா, தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, சனங்கள் வடையைக் கடித்துக்கொண்டு எங்களைக் கவனிக்காமல் இருக்கும் கலியாண மண்டபங்கள் என்று எல்லா இடமும் போனோம். எங்களுக்குள் எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. ஒருவருடைய வாத்தியத்தை மற்றவர் கும்பிடலாம், தொடக்கூடாது. மச்சானின் ஆர்மோனியத்தை நாங்கள் யாரும் ஒரு நாளும் தொட்டதில்லை.

கீபோர்ட் வந்த அன்று நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“மச்சான், கைதட்டுக்கும் ஒரு பொத்தான் இருக்கோ? இல்லாட்டி அதுக்கு மட்டும் நாங்கள் நாலு பேரும் வரவேணுமோ?”

நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மச்சான் சிரிக்கவில்லை. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு தனியாக வாசிக்கப் போய்விட்டார். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் லண்டனின் மறுகோடியிலுள்ள சட்டனிலிருந்து பிளேஸ்டோவுக்கு, எங்கள் வீட்டுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர், வருவதையும் நிறுத்திவிட்டார். என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஆள் சாப்பாட்டைக் கூடுதலாகச் சமைத்து, அதைத் திங்கட்கிழமை என் டிபனில் வைத்து அனுப்பினாள்.

“எனக்கு இந்த நாட்டில இருக்கிறது ஒரே ஒரு அண்ணை,” என்றாள். “அவரையும் நீங்கள் பகிடி விட்டுக் கலைச்சுப் போட்டியள்.”

அவர் திரும்பி வரவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நான் போய்க் கெஞ்சி அல்ல. தோற்று வரவேண்டும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் பக்கத்து நூலகத்தில் அந்த இசைத்தட்டைக் கண்டேன். அங்கே புத்தகம் போலவே இசைத்தட்டும் இரவல் தருவார்கள். உறையில் நாலு பேர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட முகத்தோடு நின்றார்கள். அதனால்தான் கையில் எடுத்தேன். பின்பக்கத்தில் அவர்களுடைய கதை இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் ஜாஸ் இசையின் சட்டதிட்டங்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அவரவர் மனம் போன வழியில் வாசிக்கும் ஒரு புதுப் பாணியைத் தொடங்கியிருக்கிறார். இந்த நால்வரும் ஒரு காலத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். பிறகு அவர் மின்சாரக் கிட்டார்களோடு வேறு பக்கம் போய்விட்டார். இவர்களோ, அவர் இல்லாமலேயே கூடி, அவருடைய பழைய பாணியில், மின்சாரம் இல்லாத வாத்தியங்களோடு இசைத்தட்டு வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நூலகத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இது எங்கள் வீட்டுக் கதையல்லவா.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோது, நால்வருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. குசினியிலிருந்து மனைவி, “உதை நிப்பாட்டுங்கோ, பால் திரையப்போகுது,” என்றாள். நான் விடவில்லை. பிடிவாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெல்ல மெல்லக் காது திறந்தது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து ஒரு சின்ன மெட்டைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போகின்றன. பேஸ் என்கிற அந்தப் பெரிய வயலின் யாரையும் இழுத்துப் பிடிப்பதில்லை, ஆனால் யார் எங்கே என்று அதற்குத் தெரிகிறது. டிரம்ஸ்காரர் தோலில் பாட்டுப் பாடுகிறார். பியானோ கிடையாது. அதுபோக, நடுவில் இன்னொரு இடமும் வெறுமையாக இருக்கிறது. அது அந்தப் பாணியைத் தொடங்கிவிட்டுப் போன பெரியவருடைய இடம். அப்பாவின் கதிரையில் யாரும் உட்காராமல் சாப்பிடும் பிள்ளைகளைப் போல, நால்வரும் அந்த இடத்தைச் சுற்றியே வாசிக்கிறார்கள். அது விளங்கிய அன்று தட்டை முதலிலிருந்து மறுபடி போட்டேன். மச்சானை நினைத்துத்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதே நால்வரின் இன்னொரு தட்டும் நூலகத்தில் கிடைத்தது. இரண்டையும் கசெட்டில் பிடித்து, மற்ற மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். புல்லாங்குழல்காரர் பாதியில் தேத்தண்ணி கேட்டார். வயலின்காரர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பியானோ இல்லாமல் அவங்களுக்கு ஏலுமெண்டா, ஆர்மோனியம் இல்லாமல் எங்களுக்கு ஏலாதோ?”

அவ்வளவுதான். மச்சானின் பழைய மெட்டுகளை நாங்களும் ஒரு கசெட்டில் பதிவது என்று முடிவாயிற்று. எங்கள் முன்னறையின் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, குசினியில் குக்கர் விசில் அடிக்கத் தடை போட்டு, வாரக்கணக்காக ஒத்திகை பார்த்தோம். மெட்டு கஷ்டமில்லை. மச்சானின் பாணிதான் கஷ்டம். அதிலும் ஒரு இடம்.

மெட்டு மேலே ஏறிப் போகும். உச்சியில் மேல் ‘ச’வைத் தொடுவதற்கு முன்னால் ‘நி’ வரவேண்டும். மச்சான் அந்த ‘நி’யை வாசிக்கமாட்டார். ஒரு கண் சிமிட்டும் நேரம் மௌனம். பிறகு ஒரே தாவலில் ‘ச’. எந்த மெட்டானாலும் இப்படித்தான். லண்டன் முழுக்க அந்த மௌனத்துக்கு ரசிகர்கள் இருந்தார்கள். வடை தின்கிறவர்கள்கூட அந்த இடத்தில் மெல்லுவதை நிறுத்துவார்கள். “அந்த இடத்திலதான் முருகன் வந்திட்டுப் போறவர்,” என்பார் புல்லாங்குழல்காரர். மச்சான் இல்லாமல் நால்வரும் ஒரே கணத்தில் மௌனமாகி, ஒரே கணத்தில் தாவுவது லேசான காரியமா? வில் நிற்கும், என் கை நிற்காது. என் கை நிற்கும், மண்டலின் உளறும். கடைசியில் ஒரு நாள் அது சரியாக வந்தபோது ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. நாலு தடியன்கள் கண் கலங்கி நின்றால் நன்றாகவா இருக்கும்.

கசெட்டின் மேல் ‘மச்சானின் பழைய பாணி’ என்று எழுதினேன். ‘பழைய’ என்ற சொல்லைக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். அதை அவரிடம் எப்படிச் சேர்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, என் மனைவி அதை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோயிலுக்குப் போனாள். அண்ணனைக் கண்டு, விபூதியோடும் வாழைப்பழத்தோடும் ஒரே பையில் போட்டு, “பிரசாதம் அண்ணை, வீட்டை போய்ப் பையைத் திறவுங்கோ,” என்று கொடுத்துவிட்டு வந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மச்சான் வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. நாங்கள் நால்வரும் முன்னறையில் இருந்தோம். பையிலிருந்து கசெட்டை எடுத்துப் போட்டார். அந்த இடம் வந்தது. மௌனம். மச்சான் சிரித்தார். அடுத்த மெட்டிலும் அதே இடம், அதே சிரிப்பு. மூன்றாவது மெட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கார்பெட்டில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன மச்சான் பகிடி?”

“அந்த இடத்தில ஏன் எல்லாரும் ஒண்டாச் செத்துப்போறியள்?”

“அது உங்கட ஸ்டைல்.”

“ஸ்டைலோ? அந்த ஆர்மோனியத்தில ‘நி’க் கட்டை ஊமை, அமத்தினா சத்தம் வராது. பிளேனில வரேக்கையே உடைஞ்சு போச்சு. இஞ்ச திருத்த ஒருத்தரும் இல்லை.”

புல்லாங்குழல்காரர் முருகனைத் தேடுவதுபோல் கூரையைப் பார்த்தார்.

“ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று வயலின்காரர் கேட்டார்.

“எப்பிடிச் சொல்லுறது? அந்த இடம் வரேக்க நீங்கள் எல்லாரும் கண்ணை மூடித் தலையாட்டினியள்.” மச்சானின் சிரிப்பு இறங்கியது. “அந்த ஒரு சுரத்துக்கு நான் எவ்வளவு ஏங்கினனான் தெரியுமோ? அதுக்குத்தான் கீபோர்ட் வாங்கினது. உங்களைக் கலைக்க இல்லை. நீர் கைதட்டைப் பற்றிக் கேட்ட பிறகுதான், கோவத்தில மற்றப் பொத்தான்களை அமத்திப் பார்த்தனான்.”

காரிலிருந்து கீபோர்டை எடுத்து வந்தார். வைக்க இடமில்லாமல், துணி அயர்ன் பண்ணும் பலகையை விரித்து அதன்மேல் வைத்தார். “இப்ப கேளுங்கோ. இதுதான் நான் கட்டின மெட்டு,” என்று தொடங்கினார். நாங்களும் சேர்ந்தோம். மெட்டு ஏறியது. அந்த இடத்தில் நாங்கள் நால்வரும் நின்றோம். ‘நி’ தனியாக, முழுசாக ஒலித்தது.

வயலின்காரர் வில்லை இறக்கினார்.

“அண்ணை, அது பிழை.”

“என்ன பிழை? கட்டினவன் நான்.”

“கட்டினது நீங்கள்தான். ஆனா இப்ப பிழையா வாசிச்சுப் போட்டியள்.”

மச்சான் குசினி வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். அவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருப்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, “எனக்கும் அந்த இடம் துருத்திக்கொண்டுதான் கேட்டது அண்ணை,” என்றாள்.

மச்சான் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். இந்த மனிதர் தோற்கவேண்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவன் நான். தோற்றுப்போய் அயர்ன் பலகைக்கு முன்னால் நின்றபோது என்னால் பார்க்க முடியவில்லை. எவ்வளவோ ஆசைப்பட்டுப் பெற்ற சுரம் அவருக்கு. அது எங்கள் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஏதாவது பகிடி சொல்லி நிலைமையைச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“முதல்ல எல்லாரும் வந்து சாப்பிடுங்கோ,” என்றாள்.

சாப்பிட்டோம். மச்சான் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். கை கழுவியதும் அவரே முன்னறைக்குப் போய், கீபோர்டின் சத்தத்தைக் குறைத்து, அயர்ன் பலகையைச் சுவரோரமாக, எங்களுக்குப் பின்னால் தள்ளினார்.

“நீங்கள் தொடங்குங்கோ. நான் பின்னால வாறன்.”

தொடங்கினோம். மெட்டு ஏறியது. நான் திரும்பிப் பார்த்தேன். ‘நி’க் கட்டைக்கு மேலே அவருடைய விரல் தொடாமல் நின்றது. பிறகு ‘ச’வில் விழுந்தது, ஆனால் எங்களுக்குப் பின்னால், கொஞ்சம் பிந்தி.

“பிந்திப் போச்சு அண்ணை,” என்றார் வயலின்காரர்.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொருக்கா எடுங்கோ,” என்றார். “இந்த முறை அந்த ‘நி’யைச் சரியா விடுறன்.”