திரும்பிப் போவதற்கான காரணங்கள்

விசா மாமாவுக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது பாஸ்போர்ட்டிலும் ஆஸ்பத்திரி அடையாள அட்டையிலும் பத்திரமாக இருந்தது. வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அவருக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். மேல்மாடியில் அறுவை சிகிச்சை முடிந்து இறங்கி வருகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் வைத்து எடுத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, உறை போட்டு ஒட்டி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். பட்டியலில் இருபத்தேழு என்றால் தட்டிலும் இருபத்தேழு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மேலே எவருடைய வயிறோ திறந்தபடி காத்துக்கிடக்கும். பத்தொன்பது வருடத்தில் அவர் அடுக்கிய தட்டு ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

இந்தக் கண்டிப்புதான் அவரை விசா மாமா ஆக்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், சாவி வெட்டும் கடைக்கு மேலே இருந்த அவருடைய ஒற்றை அறைக்கு ஆட்கள் படியேறி வருவார்கள். ஊரிலிருந்து அம்மாவை, மாமியாரை, தங்கச்சியைக் கூப்பிட வேண்டியவர்கள். எந்தத் தாளில் எந்த முத்திரை, போட்டோவில் காது எவ்வளவு தெரிய வேண்டும், பாஸ்போர்ட்டில் எத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அன்றைக்கு வந்தவன் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் பையன். கூடவே ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி.

"வருகையின் நோக்கம்ங்கற இடத்துல என்னப்பா எழுதிருக்க?"

"பிரசவத்துக்கு ஒத்தாசைன்னு எழுதிருக்கேன் மாமா. அதுக்குத்தானே அத்தை வராங்க?"

"ஒத்தாசைன்னா வேலை. வேலைன்னா வேற விசா. உன் மாமியார் ஆயா வேலைக்கு வராங்கன்னு அதிகாரி நினைச்சுக்குவான்."

"நீங்க வேற மாமா. அவங்க வந்தா எனக்குத்தான் வேலை கூடும்."

"எங்கம்மா காதுல விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு," என்றாள் அவள்.

"பேரப்பிள்ளையைப் பார்க்க வராங்க. அவ்வளவுதான். இது பொய்யா?"

"இல்ல மாமா."

"அப்ப இதை மட்டும் எழுது."

அவருடைய சட்டம் இவ்வளவுதான். பொய் கூடாது. கேட்டதற்கு மேல் உண்மையும் கூடாது.

விசா கிடைத்து அம்மாக்கள் வந்து இறங்கியதும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள். "இவர்தாம்மா விசா மாமா." அம்மாக்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவருக்கு முகம் சிவந்துவிடும். ஐந்து மணிக்குக் கடைசி ஆள் படியிறங்கியதும், இவர்களுக்காகவே வாங்கிய மூன்று மடக்கு நாற்காலிகளையும் மடக்கிச் சுவரில் சாய்த்து வைப்பார். அடுத்த ஞாயிறுவரை அவை அப்படியேதான் நிற்கும்.

அவருக்குக் கல்யாணம் ஏதேதோ காரணத்தால் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், ஒருநாள் அந்தப் பேச்சே நின்றுபோனது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் அக்கா. அவரைவிட ஐந்து வயது மூத்தவள். பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகு கொழுந்தனார் வீட்டில், மாடிப்படியை ஒட்டிய ஓர் அறையில் இருந்தாள். பகலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மழலை வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் கடைசியாக ஊருக்குப் போனது அம்மா இறந்தபோது. ஏழு வருடம் ஆகிவிட்டது. அப்போதே அந்த அறையில் அக்கா கட்டிலில் உட்கார, அவர் வாசலில் நின்றபடிதான் பேசினார்.

அந்த அக்காதான் ஒருநாள் போனில் சொன்னாள்: "ஒரு தடவை உன் வீட்டை வந்து பார்த்துரணும்டா. நீ எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறன்னுகூட எனக்குத் தெரியாது."

மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளே இன்னொரு தலையணை வாங்கினார். இன்னொரு கோப்பை வாங்கினார். பிறகுதான் படிவத்தைத் திறந்தார்.

நூற்றுக்கணக்கான பேருக்கு நிரப்பிய படிவம்தான். ஆனால் அக்காவுக்கென்று நிரப்பும்போது அது வேறு மாதிரி இருந்தது. 'சொந்த நாட்டுக்குத் திரும்புவதற்கான காரணங்கள்' என்று ஒரு பக்கம். கணவர்: காலமானார். பிள்ளைகள்: இல்லை. சொந்த வீடு: இல்லை. நிலம்: இல்லை. பள்ளிக்கூடத்து வேலை ஒன்றுதான் கை கொடுத்தது. விடுமுறை முடிந்ததும் இவர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று தலைமையாசிரியை ஒரு கடிதம் கொடுத்தார். அழைப்பவர் பகுதியில், வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் மாமா ஒன்று என்று போட்டார். போட்டுவிட்டு அந்த ஒன்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் பயிற்சி நடந்தது. இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் போனில் அதிகாரியாகிவிடுவார்.

"எத்தனை நாள் தங்குவீங்க?"

"முப்பது நாள் சார்."

"முப்பது நாளைக்கு அப்புறம்?"

"மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு வந்துருவேன் சார்."

"அக்கா, மூட்டை முடிச்செல்லாம் வேண்டாம். திரும்பி வந்துருவேன், அவ்வளவுதான்."

"சரிடா சார்."

முப்பது கேள்வி எழுதி வைத்திருந்தார். முப்பதுக்கும் அக்கா பிசகில்லாமல் பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

இன்டர்வியூ முடிந்த கையோடு தெருவிலிருந்தே கூப்பிட்டாள். "உன் முப்பது கேள்வியில நாலுதான்டா கேட்டாங்க! நல்ல பொண்ணு ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு. பக்கத்துல நம்ம பேச்சைத் திருப்பிச் சொல்ல ஒரு ஆளு. எல்லாம் முடிஞ்சு எழுந்திரிக்கப் போறேன், சிரிச்சுக்கிட்டே கேக்குது, 'உங்க தம்பி அங்க எப்படி இருக்கார்?'னு."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். பஸ் வந்துருச்சு, வெச்சுருறேன்."

அந்தக் கேள்வி அவருடைய பட்டியலில் இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அழைத்தவர் என்பதால் அவருக்கும் ஒரு நகல். அந்த நாட்டு மொழியில் இருந்ததை அவர் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தார். 'அழைப்பவருக்கு அங்கே யாரும் இல்லை என்று விண்ணப்பதாரர் தெரிவித்தார். அழைப்பவர் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்றும், அவரைப் பார்த்துக்கொள்ளவே தாம் செல்வதாகவும் கூறினார். சொந்த நாட்டில் விண்ணப்பதாரருக்கு நெருங்கிய குடும்பம் இல்லை. எனவே உரிய நாளில் திரும்புவார் என்று நம்ப இடமில்லை.' கீழே, மறுக்கப்பட்டது.

மூன்று தடவை படித்தார். தட்டைச் சரிபார்க்கிற மாதிரி வரிக்கு வரி நின்று தப்பு தேடினார். ஒரு தப்பும் இல்லை. அந்தக் காய்ச்சல் வந்து இரண்டு வருடம் இருக்கும். குணமான பிறகு அக்காவிடம் ஏதோ சிரிப்புக் கதை மாதிரிச் சொல்லியிருந்தார். தண்ணீர் பாட்டிலைத் தரையில் உருட்டிவிட்டு அதன் பின்னாலேயே தவழ்ந்து போனேன் என்று. அக்காவும் அப்போது சிரித்தாள்.

அன்று மாலை அவளே கூப்பிட்டாள். "அங்கயும் கடுதாசி வந்துருச்சா? கொழுந்தனார் பார்த்துட்டுக் கிடைக்கலைன்னு மட்டும் சொன்னாரு. வரி வரியாப் படிடா, கேக்கறேன்."

விசா மாமா கடிதத்தைக் கையில் பிடித்திருந்தார். பத்தொன்பது வருடமாக யாரையும் ஒரு பொய் எழுத விடாத மனுஷன். "பள்ளிக்கூடத்துக் கடுதாசியில முத்திரை சரியா விழலையாம்க்கா. அதுதான்."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். புதுசா முத்திரை வாங்கித் தரேன், மறுபடி போடு." அக்காவின் குரலில் உயிர் வந்துவிட்டது. "இந்தத் தடவை அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் நல்லாச் சொல்லுறேன். நீ பாட்டில் உருட்டுன கதையைச் சொன்னப்ப அதுக்கே கண்ணு கலங்கிருச்சுடா. போன தடவை பாதிதான் சொன்னேன்."

மாமா கடிதத்தை மடித்து வைத்தார்.

மூன்று நாள் அவர் அக்காவைக் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் தன் வாயாலேயே தம்பி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோமே என்று உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அடுத்த தடவையும் போய் அதையே சொல்லுவாள், முழுசாகவே சொல்லுவாள். அடித்தளத்தில் ஒரு தட்டில் இடுக்கி ஒன்று குறைய அடுக்கிவிட்டார். ஒட்டப் போகும்போது பக்கத்து மேசைக்காரி பார்த்துச் சொன்னாள். உடம்பு சரியில்லையா என்று அவள் கேட்டதற்கு, நன்றாக இருக்கிறேன் என்றார்.

நான்காம் நாள் சொன்னார். முத்திரை கதை பொய் என்றார். கடிதத்தை வரி வரியாகப் படித்தார்.

பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பொண்ணு கண்ணு கலங்குச்சேடா."

"கலங்கியிருக்கும்க்கா. கலங்கிட்டு எழுதிருக்கும். அது வேலை அது."

"அப்ப நான் என்ன சொல்லிருக்கணும்?"

"தம்பி நல்லா இருக்கான், கூட்டாளிங்க நிறையப் பேர், நான் சும்மா பார்த்துட்டு வரப் போறேன். அப்படி."

"கூட்டாளிங்க இருக்காங்களா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை வருவாங்க."

"காய்ச்சல் ஞாயித்துக்கிழமையா வந்துச்சு?"

அவர் சுவரில் சாய்த்திருந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்தார்.

"நாலு பேர் முன்னாடி என்னை நிக்க வெச்சு, எனக்கு யாருமில்லைன்னு சொல்லச் சொல்லு, சொல்லுவேன். உனக்கு எல்லாரும் இருக்காங்கன்னு என்னால சொல்ல வராதுடா. பாடம் பண்ணாலும் வாய்ல வராது. விட்டுரு. நான் வரலை."

"அப்ப நான் வரேன்க்கா," என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"வந்து எங்கடா தங்குவ? இங்க கால் நீட்ட இடமில்லை."

"லாட்ஜ்ல ரூம் போட்டுக்கறேன்."

"சொந்த ஊர்ல லாட்ஜா! பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்க வந்துரு."

அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "லாட்ஜுக்கு நான் வந்தா அதுக்கு வேற சிரிப்பாங்க," என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள்.

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. நான்கு வருடத்துக்கு முன்பு அவர் வேலை பார்க்கும் நாட்டின் குடிமகனாகிப் பாஸ்போர்ட்டை மாற்றியிருந்தார். வேலைக்கு நல்லது என்றார்கள், மாற்றிக்கொண்டார். இப்போது பிறந்த ஊருக்குப் போக அவருக்கே விசா வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் இரண்டு வழிதான் இருந்தது. உறவினரைச் சந்திக்க, அல்லது சுற்றுலா. உறவினர் என்றால் அந்த உறவினருடைய முகவரிக்கு அத்தாட்சி வேண்டும். அக்காவுக்கு அவள் பேரில் ஒரு மின்சார ரசீதுகூடக் கிடையாது. வீட்டுக்காரர் என்ற முறையில் கொழுந்தனார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். 'அவர்கிட்ட மட்டும் ஒண்ணும் கேட்டுராதடா, இருக்கற இடமும் போயிரும்' என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

சரி, சுற்றுலா. சுற்றுலாவைத் தொட்டதும் அடுத்த பக்கம் விரிந்தது. பார்க்கவிருக்கும் இடங்கள்? அந்த ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை. கடைவீதி என்று போட்டார். அடுத்த கேள்வி: இந்நாட்டில் உங்களுக்கு உறவினர் யாரேனும் உண்டா?

இல்லை என்று ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. மூன்று நாளில் விசா வந்துவிடும். கேட்டதற்கு மேல் சொல்லாதே என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்லுவார். ஆனால் இது கேட்டதற்கு மேல் சொல்கிற உண்மை இல்லை. நேராகக் கேட்கிறார்கள். விரலை அந்தப் புள்ளியின்மேல் வைத்தார். அழுத்த வரவில்லை. அக்காவுக்கு வாயில் வராததுபோல இவருக்குக் கையில் வரவில்லை.

உண்டு என்பதை அழுத்தினார். உறவு: அக்கா. பெயர், வயது, முகவரி. அத்தாட்சியை இணைக்கவும் என்று சிவப்பில் வந்து நின்றது.

போனை எடுத்தார். ஏழு வருடமாகக் கூப்பிடாத எண். கொழுந்தனார்தான் எடுத்தார்.

"யாரு?"

"நான்தாங்க, உங்க அண்ணியோட தம்பி."

"ஓ." நாற்காலி நகரும் சத்தம். "சொல்லுங்க."

சொன்னார். ஒரு கையெழுத்து, வீட்டு ரசீதின் ஒரு நகல். வேறு ஒன்றும் வேண்டாம். தங்குவதுகூட லாட்ஜில்தான்.

"எத்தனை நாளைக்கு?"

"இருபத்தொரு நாளுங்க."

"அப்புறம் போயிருவீங்கல்ல?"

"திரும்பிப் போற டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுட்டுத்தான் வருவேங்க."

"அங்க வேலை எல்லாம் நிரந்தரம்தானே? இங்கயே இருந்துரலாம்னு ஒண்ணும் யோசனை இல்லையே?"

அறையைச் சுற்றிப் பார்த்தார், எதையாவது சுட்டிக்காட்ட வேண்டும் என்பதுபோல.

"வேலை நிரந்தரம்தாங்க," என்றார்.

"சரி, பேப்பரை அனுப்பி வைங்க. பார்க்கறேன்."

போன் அடங்கியது. கீழே சாவிக் கடையில் எந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. விசா மாமா கொழுந்தனார் கையெழுத்துப் போடவேண்டிய தாளை அச்செடுத்து, போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வைத்தார். பிறகு கீழே படிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்களின் காலடி கேட்க, எழுந்து கதவைத் திறக்கப் போனார்.