இரவல் பூட்ஸ்

1984 கோடை விடுமுறை. நெய்வேலியில், நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் விளையாடும் கால்பந்து மைதானத்தில் நடந்தது இது.

நாங்கள் கோலியனூர்ப் பக்கம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என்னைப் படிக்க வைக்க அண்ணன் விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கினான். சாயங்காலமானால் அறுவடை முடிந்த கொல்லையில் பந்தாடுவான். அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்க எங்கள் வட்டாரத்தில் ஆளே கிடையாது. சுரங்கத்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேறினால் வேலையும் உண்டு என்று கேள்விப்பட்டு, அம்மாவும் நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். "வேலை கெடைச்சதும் மூட்டை தூக்கறத உட்டுடணும்டா" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுற்றிலும் சிமெண்ட் படிகள், நடுவில் பச்சைப் புல். அண்ணன் டவுசரோடு இறங்கியதும் நடுவர் தடுத்துவிட்டார்.

"பூட்ஸ் எங்கப்பா?"

"பழக்கமில்லிங்க சார். இப்டியே ஆடறேங்க."

"அடிபட்டா யாரு பதில் சொல்றது? பூட்ஸ் இல்லாம முடியாது."

சுரங்கத்து ஆட்டக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், தன் பூட்ஸைக் கழற்றி நீட்டினார். "போட்டுக்கோ தம்பி. உன் அளவுதான்."

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணனுக்குக் கயிறு கட்டத் தெரியவில்லை. பள்ளியில் என்.சி.சி.க்காக பூட்ஸ் போட்டுப் பழகிய நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பந்து வந்தது. பந்தை அறிந்தவை அவன் கால்விரல்கள். அவை தோலுக்குள் அடைபட்டுக் கிடந்தன. வழுக்கினான், விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். "மாட்டுக்கு லாடம் கட்டி ஓட்டியாந்துட்டாங்கடா!" என்று படியிலிருந்து ஒருத்தன் கத்த, ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதி அண்ணனை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. பூட்ஸைத் துண்டால் துடைத்து, "ரொம்ப தேங்க்ஸுங்க" என்று உரியவரிடம் கொடுத்தான். அவருக்குத்தான் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேற எங்கனா ஆள் எடுப்பாங்கடா" என்றாள் அம்மா, பஸ்ஸில்.

"நாளைக்கு லோடு இருக்கும்மா" என்றான். அதன்பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை.

அது நடந்து மூன்று வருஷமாகிறது; நான் இப்போது திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பூட்ஸ் பழகக் கிடைத்தது ஓடத் தெரியாத என் கால்களுக்குத்தான் என்பது, காலையில் செருப்பை மாட்டும்போதெல்லாம் என் நெஞ்சை அறுக்கிறது.