ஒரு தட்டு தட்டினால் பிரேக்கு

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தெட்டு வயதில். கற்றுக்கொண்டேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். உத்திரமேரூர் கடைத்தெருவில் என் பழைய கார் திரும்புகிறது என்றால், தள்ளுவண்டிக்காரர்கள் மரியாதையாக வண்டியைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். உண்மையில் ஓட்டுவது பக்கத்து சீட்டில் இருக்கும் என் மனைவி. கையும் காலும் மட்டும் என்னுடையவை.

"யோவ், எதுர்ல லாரி கீது, ஒதுங்கு. மாடு வருது பாரு. பிரேக்கு, பிரேக்கு! கண்ணு முன்னாடி கீதா, பொடனில கீதா?"

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடுகிறவள். ஒரு அதட்டல் போட்டால் மொத்தப் பிள்ளைகளும் தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிடும். அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது, அதட்டி அதட்டித்தான் தொண்டை கட்டிக்கொண்டது என்று மிளகுப் பால் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதங்கள் போயின. கடைசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புற்று, குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச்சு வராது. மூச்சு விடக் கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அதற்குள் தண்ணீர் போய்விடக் கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப நான் வண்டி ஓட்றது எப்டி சார்?"

தமாஷ் என்று நினைத்து டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் என் முழங்கால் ஆடுவதை அவள் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "கய்த்துல தண்ணி படக் கூடாதாமே. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி கடல்ல முங்கிட்டு வந்துட்றேன்யா."

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்துக்குக் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் கரகரத்த குரலில் திட்டிக்கொண்டே வந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் என்னை உரசுவதுபோல் கடந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

கடலுக்குள் அவள் இடுப்பளவு போனாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள், எழுந்தாள், மறுபடியும் முங்கினாள். நான் கரையில் இரண்டு ஜோடிச் செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"வாய்யா! கடலு உன்ன கட்சிடப் போவுதா?"

"செருப்ப நாய் தூக்கிக்கினு பூடும்மே!"

"அந்த நாயே பரவால்ல, தண்ணிக்கு பயப்படாது!"

சொல்லிவிட்டு மறுபடி முங்கினாள். இந்த முறை எழுந்திருக்க நேரமானது. செருப்பைப் போட்டுவிட்டு முட்டி நனையும் வரைக்கும் ஓடினேன். அப்புறம்தான் எழுந்தாள். முகமெல்லாம் தண்ணீர். அதில் எது கடல், எது அவளுடையது என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது, சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்தவள் சொன்னாள்: "இங்க பாரு. இப்பலேர்ந்து பேசமாட்டேன். பயகிக்கணும் இல்ல? டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்னா பிரேக்கு. ரெண்டு தட்னா ஒதுங்கு."

"மூணு தட்னா?"

"அட்த்தது உன் மண்டைலன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை எனக்குத் தெரிந்த ஜோக்கெல்லாம் சொன்னேன். செங்கல்பட்டில் தெரியாததையும் சொன்னேன். டொக், டொக் என்று மோதிர விரல் மட்டும் பதில் சொன்னது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நான் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். திட்டுதான் ஒன்றுகூட விழவில்லை.

புக்கத்துறையில் எங்கள் ஊர் ரோட்டுக்குத் திரும்பினோம். அங்கே ஒரு வேகத்தடை உண்டு, எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தட்டு விழுந்தது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. வண்டி எகிறி இரண்டு பேர் தலையும் கூரையில் இடித்தது. கத்துவாள் என்று காத்திருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேட்டிலும் மிதிக்கவில்லை. தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஓரமாக விரலைக் காட்டினாள். நிறுத்தினேன். எட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா வோணும் உனுக்கு? திட்டு வோணும், அவ்ளோதான? இந்தா, வாங்கிக்க!"

ஆரம்பித்தாள். "தாலி கட்டசொல்ல முடிச்சு போடத் தெரியாம உங்கக்காவ திரும்பித் திரும்பி பாத்த பாரு, அன்னிக்கே எனுக்குத் தெரியும். நான் புள்ள பெத்துக்கினு கெடக்கிறேன், நீ ஆஸ்பத்திரி வாசல்ல மயங்கி உய்ந்து, எனுக்கு வாங்கியாந்த இட்லிய நர்சம்மா உனுக்கு ஊட்டி வுட்டாங்க. கரப்பான்பூச்சிக்கு கட்லு மேல ஏறுற ஆளு, இப்ப வண்டிய ஏத்திக் கொல்லப் பாக்கிறியா? நாளைக்கு எவ வந்து கத்துவா உனுக்கு? யாரு கீறா? சொல்லு, யாரு கீறா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசும்போது நான் குறுக்கே பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். குரல் உடைந்து, தேய்ந்து, கடைசியில் உதடு மட்டும் அசைந்து காற்றுதான் வந்தது. இருமினாள். தண்ணீர் கொடுத்தேன்.

"போதுமா?"

"போதாதுமே."

சாவியை அவளே திரும்பப் போட்டாள். வீடு வரைக்கும் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

இப்போது நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று ஊரே சொல்கிறது. மேடு வருமுன்னே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். அவளுக்குத் தட்டுகிற வேலைகூட இல்லை. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வருகிறாள்.

வண்டிக்குள் இருக்கும் அமைதி தாங்காத நாட்களில், அந்த மேட்டுக்கு வந்ததும் நானே கத்துகிறேன்: "யோவ், பிரேக்கு, பிரேக்கு! கண்ணு பொடனில கீதா?" அவளுக்குச் சிரிப்பு வரும். சத்தம் இருக்காது, தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்க்கலாமென்று ரோட்டை விட்டுவிட்டுத் திரும்பினால், டேஷ்போர்டில் டொக்கென்று ஒரு தட்டு.