ஏற்றது என்று நான் எழுதிய நிலம்

அந்த நிலத்தில் முந்திரி நிற்காது என்று தெரிந்தும், நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை.

அப்போது கடலூரில் சுற்றுச்சூழல் ஆய்வாளராக இருந்தேன். பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த திறந்தவெளிச் சுரங்கத்தை மூடி, நிலத்தை மறுபடி பயிருக்குத் தயார் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். குழியை மூடிய பிறகு அதையே கனமாகப் பரப்ப வேண்டும். அடியிலிருந்து வருகிற வெளிறிய களிமண்ணில் முந்திரி மாதிரி மரங்கள் பிடிக்காது.

ஆய்வுக்குப் போன அன்று சுரங்க நிறுவனத்தார் காட்டிய இடங்களில் தோண்டிப் பார்த்தேன். அங்கெல்லாம் செம்மண் ஆழமாக இருந்தது. மாதிரிக்கு நட்டிருந்த முந்திரிக் கன்றுகளும் பச்சையாக இருந்தன. நடும் குழியில் நல்ல மண்ணும் எருவும் போட்டால் இரண்டு வருஷம் அப்படித்தான் இருக்கும், தொட்டியில் வைத்த செடி மாதிரி. ஜீப்புக்குத் திரும்பும் வழியில் மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம் குறுக்கிட்டது. அதன் ஓரத்தில் மண் அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. மேலே ஒரு சாண்கூட இல்லாத செம்மண். கீழே முழுக்கக் களி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு தாண்டி வந்துவிட்டேன்.

திருப்பி அனுப்பியிருந்தால் வேலை இன்னொரு வருஷம் இழுத்திருக்கும். அந்தக் கோப்பு முடியாமல் என்னைச் சிதம்பரத்துக்கு மாற்ற மாட்டார்கள். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய் வருவது எனக்குச் சலித்திருந்தது. காரணம் அவ்வளவுதான்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அந்த இடத்தைப் பிரித்துக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஒப்படைக்கும் நாளில் பந்தலுக்கு வெளியே ஒருவர் கையில் ஒரு பிடி மண்ணோடு என்னிடம் வந்தார். கூடவே அவர் மனைவி.

"சார், இதுல முந்திரி நிக்குமா?"

"காலையிலேர்ந்து மண்ண மோந்துகிட்டே இருக்காரு சார்," என்றாள் மனைவி. "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்ன இப்புடிப் பாக்கல."

"ஒன்னப் பாத்து என்னா ஆவப்போவுது. சோறு போடறது இதுதான்."

"ஏன் மாமா, அப்ப ராத்திரிக்கு மண்ணையே ஆக்கிப் போடறேன், துண்ணு."

எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நிக்கும்," என்றேன். நிலம் முழுக்க முந்திரியே வைத்தார்.

எனக்கு மாற்றல் கிடைத்தது. சிதம்பரத்திலேயே ஓய்வும் பெற்றேன். அந்தப் பக்கம் போகாமலே வருஷங்கள் ஓடின. ஒருமுறை காடாம்புலியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த நிலத்துக்கு நடந்தேன். ஏன் இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று ஒரு பிடி மண்ணோடு வந்தவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மூன்றாவது கோடையில் கன்றுகள் வரிசையாகக் காய்ந்துபோயின என்றார். வேர் களிமண்ணில் முட்டிய வருஷம் அதுவாகத்தான் இருக்கும். பக்கத்துக் குத்தகைக்காரர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தானாக முளைத்த புல்லில் ஆடு விட்டிருந்தார்.

"இப்ப பரவால்ல சார். பக்ரீத்துக்குச் சிதம்பரத்துலேர்ந்து பாய் வந்து மொத்தமாப் புடிச்சிட்டுப் போயிடுவாரு. 'மச்சான், ஒங்க ஆட்டுக்கு வெல ஜாஸ்தி'ம்பாரு. ஆனா வேற எங்கயும் போவ மாட்டாரு."

அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் பழைய அலுவலகத்துக்கு எழுதினேன். நான் கொடுத்த ஏற்புச் சான்று தவறு, தெரிந்தே கொடுத்தேன், மறுபடி தோண்டிப் பார்த்து அந்தக் குடும்பத்துக்கு நல்ல நிலம் தர வேண்டும் என்று எழுதினேன். தபாலில் சேர்த்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

புதிதாக வந்திருந்த ஆய்வாளர் ஒரு பெண். யாரும் காட்டாத இடங்களிலும் தோண்டிப் பார்த்து, இருப்பதை இருப்பதாக எழுதினார்: விவசாயத்துக்கு ஏற்றதல்ல. விவசாயத்துக்கு ஏற்றதல்லாத இடத்தில் விவசாயக் குத்தகை செல்லாது என்று ரத்து செய்தார்கள். தைல மரம் வைப்பதற்காகச் சுற்றிலும் வேலி போட்டார்கள். மாற்று நிலம் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை.

கேள்விப்பட்டுப் போனேன். ஆடுகள் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தன.

"எவனோ லெட்டர் போட்டிருக்கான் சார்," என்றார்.

"நான்தான் போட்டேன்," என்றேன். பள்ளத்தைப் பார்த்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒரு ஆட்டின் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கிப் போட்டார். "நெலம் சரியில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும் சார். வாய மூடிகிட்டு மேச்சிகிட்டிருந்தேன். போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் சொன்னேன். அவர் அடுத்த ஆட்டின் காதைப் பிடித்தார்.

பக்ரீத்துக்கு வெகு நாள் இருக்கும்போதே ஆடுகளை விற்கும்படி ஆயிற்று. இப்போது ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, அதே வேலிக்குள் தைலக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மனைவி காடாம்புலியூருக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். மாற்று நிலம் கேட்டு நான் மனு மேல் மனு எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஒரு மனுவை விசாரிக்க வந்தவர்கள், வெளியாளை வைத்துப் புகார் எழுதுகிறாயா என்று அவரையே கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரும் ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

அது எனக்குத் தெரியாமல், போன மாதம், மனு என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக அவருக்குப் போன் செய்தேன். அவர் மனைவிதான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"அவரு இப்பத்தான் மறுபடி வேலைக்குப் போறாரு சார். இனிமே எங்களுக்காவ எதுவும் எழுதாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சரிம்மா என்றேன். அதன் பிறகு எழுதவில்லை.