சுனோக்கின் இடுப்பு

சுனோக்குக்கு ஐம்பத்திரண்டு வயது நடந்த குளிர்காலத்தில், காலுறையைத் தானே மாட்டிக்கொள்வது அவளால் ஆகாத காரியமாகிவிட்டது. காலையில் எழுந்தால் முதல் அரை மணி நேரம் இடுப்பு அவள் சொன்னபடி கேட்காது. சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குப் போவாள். ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் வாய் கொப்பளிக்கக் குனிவாள். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் அவசரமாக எதையாவது பற்றிக்கொள்வாள்.

காலுறையையும் அதன்மேல் பனிச்சறுக்கு பூட்ஸையும் மாட்டிவிடுவது கணவன் தோக்மானின் வேலை. இதை வீட்டில் செய்ய முடியாது. அந்த பூட்ஸோடு லாரியில் ஏறி இறங்க முடியாது. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் வருவதற்குள் அவளைப் பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்துக்குக் கூட்டி வந்து, லாரிக் கதவைத் திறந்துவைத்து, பனியில் முழங்காலிட்டு மாட்டிவிடுவான்.

"காலைக் கொஞ்சம் தளர்த்தேன். மரக்கட்டை மாதிரி விறைச்சு வெச்சுக்கிட்டா எப்படி உள்ள போகும்?"

"தளர்த்தித்தான் இருக்கேன். உங்க கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு? மீனைத் தொட்ட மாதிரி."

"மீனைத் தொட்டுட்டுத்தானே வர்றேன்."

அவனுக்கு மீன் காயவைக்கும் தொழில். டிசம்பரில் கடற்கரையிலிருந்து ஏற்றி வரும் பொல்லாக் மீனை இரண்டிரண்டாகக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, தேக்வல்யோங் கணவாயின் காற்றுக்கும் பனிக்கும் விட்டுவிட்டால் வசந்தத்துக்குள் அது பொன்னிறமாகக் காய்ந்துவிடும். விடுமுறை நாட்களில் சுனோக்கும் அங்கே குனிந்து நிமிர்வாள். கோடையில் முட்டைக்கோஸ் வயல். ஆக, வருஷம் முழுக்க அவள் இடுப்புக்கு ஓய்வென்று ஒன்று இருந்ததில்லை.

ஆனால் ஊரார் எல்லாருக்கும் குற்றவாளி பனிச்சறுக்குதான். "இந்த வயசுல அது என்ன குதியாட்டம்," என்று கடைக்காரம்மா சொல்வாள். ஒருத்தர் அக்குபங்சர் வைத்தியரைச் சொல்வார், இன்னொருத்தர் சுடுகல்லைக் கட்டச் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் தன் இடுப்பு எப்படி ஒரே நாளில் சரியானது என்பதை ஒன்பதாவது தடவையாகச் சொல்வார். சுனோக் தலையாட்டிக்கொள்வாள். பதில் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

ஒன்பது வயதில் அப்பாவின் உருளைக்கிழங்கு வயல் மேட்டிலிருந்து சறுக்கத் தொடங்கியவள் அவள். மாவட்ட அணியில் இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த மலையின் மீட்புக் குழுவில் சேர்ந்து இருபத்திரண்டு குளிர்காலம் ஆயிற்று. சறுக்குகிறவர்கள் விழுந்து கையோ காலோ முறிந்தால், அவர்களைச் சறுக்குவண்டியில் படுக்கவைத்துக் கட்டி, வண்டியின் முன்கம்பிகளுக்கு நடுவில் நின்று கீழே இறக்கிக்கொண்டு போவதுதான் வேலை. குழுவில் எல்லாருக்கும் அவள் அக்கா.

சறுக்கும்போது வலி பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும் என்பதுதான் வேடிக்கை. அவளைக் கொன்றது கம்பிவடத்தில் தொங்கியபடி மலை உச்சிக்குப் போகும் நாற்காலி லிஃப்ட். கனத்த சறுக்குப் பலகைகள் காலில் தொங்க, பன்னிரண்டு நிமிஷம் காற்றில் உட்கார்ந்து மேலே போய் இறங்கினால் இடுப்பு இறுகிக் கிடக்கும். கையுறையைச் சரிசெய்வது போல நடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு முதல் சரிவை யாரும் பார்க்காத ஓரத்தில் மெதுவாக இறங்குவாள். உள்ளே வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை, அதன்மேல் இடுப்புக் கச்சை, அதன்மேல் சீருடை. இப்படியே மூன்று குளிர்காலம் ஓட்டியாயிற்று. தெரிந்தால் மலையை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம்.

ஜனவரி மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், நடுச்சரிவில் ஒருவர் முழங்கால் திருகி விழுந்துகிடப்பதாகத் தகவல் வந்தது. அதே நேரத்தில் மறுபக்கச் சரிவில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்திருந்தார்கள். குழுத் தலைவன் க்வான்ஷிக் வாக்கி-டாக்கியில் சொன்னான்:

"அக்கா, வண்டியை நீங்க தனியா எடுக்காதீங்க. பத்து நிமிஷம் பொறுங்க, ஆள் அனுப்பறேன்."

"பத்து நிமிஷம் அந்த மனுஷன் ஐஸ்லயா கிடப்பாரு? நான் பார்த்துக்கறேன்."

கிடந்தவர் பெயர் பாங். இஞ்சோனில் ஏதோ அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். நூறு கிலோவுக்குக் குறையாது. அவர் காலுக்கு மட்டை வைத்துக் கட்டி, தோளைப் பிடித்து வண்டிக்குள் நகர்த்தியபோதே சுனோக்கின் இடுப்பில் ஏதோ சுரீரென்றது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி தூரத்தில் சரிவு கண்ணாடி போல உறைந்திருந்தது. பின்னாலிருந்து வண்டி தள்ள, அவள் பலகைகளைக் குறுக்கே அழுத்தி எதிர்த்து நின்றாள். அப்போது இடுப்பில் வெட்டியது. வலது கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஒரு வேலையைச் செய்தது. விழுவதற்கு முன் வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, ஓரத்துப் பனித்திட்டில் முட்டி நிறுத்திவிட்டாள். பிறகு அதன் பக்கத்திலேயே சாய்ந்து படுத்தாள். நிமிரவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை.

வண்டிக்குள் கழுத்து வரை கட்டப்பட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்த பாங் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, ஏன் நின்னுட்டோம்?"

"கொஞ்சம் ஓய்வு."

"யாருக்கு?"

"எனக்கு."

"அடிபட்டது நானுங்க."

"தெரியும் சார். குறுக்கு பிடிச்சுக்கிச்சு. அசைய முடியல."

மேலே லிஃப்டில் போகிறவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள்.

"எத்தனாவது எலும்பு?" என்றார் பாங்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலன்னு நினைக்கறேன். இன்னும் படம் எடுக்கல."

"எனக்கு அஞ்சுக்குக் கீழே. ரெண்டு வருஷமாச்சு. ஆபீஸ்ல நின்னுக்கிட்டேதான் வேலை. பசங்க எனக்குக் கொக்குன்னு பேர் வெச்சிருக்காங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு."

"இடுப்பை வெச்சுக்கிட்டு அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

கன்னத்துக்கு அடியில் பனி உருகிக் காதுக்குள் போனது.

"முதல்ல ஆளைக் கூப்பிடுங்கம்மா," என்றார் அவர், கொஞ்சம் இறங்கிய குரலில். "எனக்கு ஒண்ணுக்கு வருது."

வாக்கி-டாக்கி நெஞ்சுப் பையில்தான் இருந்தது. விரல் அதன்மேல் போய் இரண்டு முறை திரும்பியது. மூன்றாவது முறை அழுத்தினாள்.

"க்வான்ஷிக், நான்தான். நடுச்சரிவு, வலது ஓரம். ஆளோட இன்னொரு வண்டியும் வேணும்."

"ரெண்டு பேருக்கு அடியா அக்கா?"

"ஒருத்தருக்கு. இன்னொண்ணு எனக்கு."

அவளை இறக்கிக்கொண்டு வந்தது க்வான்ஷிக்தான். முதலுதவி அறையில் பூட்ஸைக் கழற்றும்போது அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும்."

"இதைத் தினமும் யார் மாட்டிவிடறது?"

அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. தோக்மான் ரப்பர் மேலங்கியோடு, மீன் செதில் ஒட்டிய முழங்கையோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, உங்களுக்காவது புத்தி வேணாமா?" என்று அவனிடம் திரும்பினான் க்வான்ஷிக். "வண்டி கைய விட்டுப் போயிருந்தா அந்த மனுஷன் நேரா மரத்துலதான் போய் நின்னிருப்பாரு."

தோக்மான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தான். சுனோக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பு வலியைவிட அந்த ஒரு வார்த்தைதான் பல நாள் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. மரத்தில் போய் நிற்கும் வண்டியை அவளால் நன்றாகவே பார்க்க முடிந்தது.

பதினோரு நாள், குளிருக்காக அடியில் சூடேற்றிய வீட்டுத் தரையில் கிடந்தாள். கங்நுங் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் அவள் நினைத்த இடத்தில்தான் ஜவ்வு பிதுங்கியிருந்தது. அறுவை வேண்டாம், ஆறு வாரம் பலகையைத் தொடக் கூடாது, உடற்பயிற்சி வைத்தியம் பாருங்கள் என்றார் டாக்டர். தோக்மான் மீன் சூப்பை வைத்துவிட்டுப் போவான். அவள் ஒருக்களித்துப் படுத்து உறிஞ்சுவாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, அந்த வருஷத்திலேயே நல்ல பனி. அவள் திரைச்சீலையை மூடச் சொல்லிவிட்டாள்.

பக்கத்து ஊர்ச் சிகிச்சை மையத்தில் பயிற்சி கொடுத்த பெண் கில் ஹேரிம். தெற்குக் கடற்கரைக்காரி. வாழ்நாளில் பலகை மேல் நின்றதில்லை, பனியைக் கண்டாலே ஆகாது. அவள் ஒரு துண்டைத் தரையில் போட்டு எடுக்கச் சொன்னாள். சுனோக் எடுத்தாள்.

"நீங்க இடுப்புல மடங்கல, முதுகுல மடங்கறீங்க," என்றாள் ஹேரிம். "மீன் கட்டறப்பவும் இப்படித்தானா?"

"எல்லாத்துக்கும் இப்படித்தான். வேற எப்படிக் குனியறது?"

"ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, லாரிக் கதவைச் சாத்தணும். எப்படிச் சாத்துவீங்க?"

"பின்பக்கத்தால ஒரு தள்ளு தள்ளுவேன்."

"அதேதான். பின்பக்கத்தைத் தள்ளுங்க, முதுகு நேரா இருக்கட்டும். பலகை மேலயும் அப்படித்தான் நிக்கணுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

சுனோக் அப்படி நின்று பார்த்தாள். மாவட்ட அணியில் இருந்தபோது அவள் இப்படித்தான் நின்றிருந்தாள். வலிக்குப் பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாக முதுகைக் கூனிப் பின்னால் சாய்ந்து சறுக்கப் பழகியது எப்போதென்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் மறுபடி சறுக்கலாமா?"

"கூடாதுன்னு சொன்னா நிறுத்திடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்கு என்னைக் கேட்கறீங்க? இந்தப் பயிற்சியைத் தினமும் ரெண்டு வேளை செய்ங்க. நல்லா இருக்கற நாள்லயும் செய்ங்க. நல்லா இருக்கற நாள்லதான் எல்லாரும் நிறுத்திடறாங்க."

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, கவிழ்ந்த வண்டு போலக் கையையும் காலையும் மாற்றி மாற்றி நீட்டுவது. சலிப்பென்றால் அப்படியொரு சலிப்பு. தோக்மானுக்கும் இடுப்பு நோகும் என்பதால் அவனும் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"யாராவது வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றான், கால் மேலே நிற்க.

"வண்டு ரெண்டு செத்துக்கிட்டிருக்குன்னு நினைப்பாங்க. பேசாம எண்ணுங்க."

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் காரணமே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். முட்டைக்கோஸ் அறுவடையில் ஒரு நாள் மறந்துபோய்ப் பழையபடி குனிந்துவிட்டு நான்கு நாள் படுத்தாள். எழுந்து மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். இலையுதிர் காலத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கி, காலுறையைத் தானே மாட்டிக்கொண்டாள். ஒரு கால் முடித்ததும் இரைத்தது. கொஞ்சம் இருந்துவிட்டு அடுத்த காலைப் போட்டாள்.

அடுத்த குளிர்காலம் க்வான்ஷிக் அவளைச் சேர்த்துக்கொண்டான், ஆனால் வண்டியைத் தொட விடவில்லை. மலை உச்சியில் குழுவுக்கென்று இருந்த குடிசையில் இருந்துகொண்டு வாக்கி-டாக்கியில் தகவல் வாங்கிச் சொல்ல வேண்டும், காலையில் மலை திறக்கும் முன் ஒரு தடவை இறங்கிக் கயிறுகளும் எச்சரிக்கைப் பலகைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

"எனக்குப் பாவம் பார்க்கறியா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு இல்லக்கா. வண்டிக்குள்ள படுத்திருக்கறவங்களுக்கு."

அது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆள் அனுப்பு, வண்டி அனுப்பு என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டு, தான் ஜன்னலருகே நிற்பது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

காலைச் சறுக்கல் மட்டும் அவளுடையது. லிஃப்டிலிருந்து இறங்கியதும் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் குடிசைக்கு முன்னால் பத்து நிமிஷம் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். யார் பார்த்தாலும் கவலைப்படுவதில்லை. பிறகு பின்பக்கத்தைத் தள்ளி, முதுகை நேராக்கி, அகலமான வளைவுகளாக இறங்குவாள். வழியில் மூன்று இடத்தில் நிற்பாள். முன்பு நான்கு நிமிஷத்தில் முடிகிற சரிவு இப்போது கால் மணி நேரம் எடுக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் எங்கோ ஓரிரண்டு வளைவுகள் எந்த நோவும் இல்லாமல் வரும். வந்து போய்விடும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், மதியம் முழுக்க மெத்தென்று புதுப் பனி விழுந்தது. மலையை மூட அரை மணி நேரம் இருக்கும்போது க்வான்ஷிக் குடிசைக்கு வந்து கையுறையைத் தட்டினான்.

"அக்கா, கடைசி ரவுண்டு பார்க்கப் போறேன். வர்றீங்களா? பனி எப்படி இருக்கு பாருங்க."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், இரண்டு மணியிலிருந்து. ஆனால் காலையிலிருந்து நின்றதில் இடுப்பு கனத்துப் போயிருந்தது. களைத்த உடம்போடு இறங்குகிற கடைசிச் சரிவுதான் மூன்று நாளைப் பறித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு இது போதும். நீ போ."

பலகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே போகிற லிஃப்ட் இருக்கையில் உட்கார்ந்தாள். மீட்புக் குழுச் சீருடையில் ஒருத்தி லிஃப்டில் கீழே போவதைக் கடைசி ஆட்களாக மேலே வந்துகொண்டிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முன்பெல்லாம் இப்படிப் போகிறவர்களைப் பார்த்து அவளும் குழுவும் சிரித்ததுண்டு. எதிரே கடந்த இருக்கையிலிருந்து சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி கை அசைத்துக் கேட்டாள்.

"ஏங்க, மேல மூடிட்டாங்களா?"

"இல்லம்மா, திறந்துதான் இருக்கு," என்றாள் சுனோக். "பனி நல்லா இருக்கு. போங்க."