மஃரிபு வாங்கு வரை எரிந்த அடுப்பு

2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை காலை 6.20 மணிக்குக் கல்முனைக்குடியில் எங்கள் வீதிக்குள் வெள்ளம் நுழைந்தது. பகல் பதினொன்றேகாலுக்கு அது சுபைறாவின் பட்டறைச் சுவரில் மூன்று அடி நான்கு அங்குலம் நின்றது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அளந்துதான் எழுதுகிறேன்.

சுபைறா மஸ்கட் என்கிற அல்வா செய்து விற்பவர். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிப் பாலெடுத்து, அதைத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை மூன்று தரம் வடித்து ஊற்ற வேண்டும். அடியில் தங்கியதைச் சீனியும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து மூன்றரை மணித்தியாலம் கிண்டினால்தான் மஸ்கட். அவர் 1971இல் மருதமுனையில் பிறந்தவர். 1989இல் காலிதீனை மணந்து இங்கே வந்தார். தொழிலைக் கணவரிடம்தான் கற்றார். சுனாமி அவர்களுடைய முதல் பட்டறையைக் கொண்டுபோனது. மஸ்கட் கிண்டும் பெரிய தாச்சியை மட்டும் ஐந்தாம் நாள் அரைக் கிலோமீற்றர் தள்ளி ஒரு தென்னைக்கு அடியில் கண்டெடுத்தார்கள். 2016 மார்ச்சில் காலிதீன் மாரடைப்பில் மௌத்தானார். ஒரே மகள் இறக்காமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வெள்ளத்தில் அவர்களுடைய வயலும் போய்விட்டதால் அங்கிருந்து உதவி வர வழியில்லை.

கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் பிறைக் கணக்கில் வருவது. வருடத்துக்குப் பதினொரு நாளளவு முன்னால் நகர்ந்து நகர்ந்து, இப்போது மாரி மழைக்குள் வந்து நிற்கிறது. பள்ளியில் பன்னிரண்டு நாள் கொடி பறக்கும், கடைசி நாள் கந்தூரிச் சோறு. அந்தப் பன்னிரண்டு நாளும் மணலில் கடைகள் இருக்கும். இனிப்புக் கடை வரிசையில் பதினான்காம் இடம், ஆறடிக்கு எட்டடி, 1978 முதல் காலிதீனுடையது.

அந்த வரிசைக்கு ஒரு முறை உண்டு. கொடி ஏறும்போது அவரவர் இடத்தில் அடுப்பு எரிய வேண்டும். அன்று பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரை அணையக் கூடாது. அணைந்தால் இடம் அடுத்தவருக்குப் போகும், மறு வருடமும் திரும்பி வராது. இட விபரம் எழுதுபவர் முனாப், பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். அடுப்புகளை அவர் மூன்று தரம் சுற்றிப் பார்ப்பார்.

இந்த வருடம் கடைகள் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். யாவாரிகள்தான் போய்க் கெஞ்சினார்கள். பிரதான வீதியில் புடவைக் கடைக்காரர்கள் நனைந்த சாரங்களைக் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். சப்பாத்துக் கடையில் காட்சிக்கு உயரத்தில் வைத்த ஒற்றைச் சப்பாத்துகள் மட்டும் தப்பின, சோடிகள் கீழே பெட்டிகளில் ஊறிப்போயின. கொடியேற்றக் கூட்டம் வராவிட்டால் பலருக்குக் கதவு திறக்கவே வழியில்லை. டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை கொடி என்று முடிவானது.

சுபைறாவிடம் பரணில் இருந்த பன்னிரண்டு கிலோ மாவு மிஞ்சியது. சீனி மூட்டை கரைந்துவிட்டது. கைமாற்றாகக் கொஞ்சம் சீனி வாங்கினார். விறகு முழுவதும் ஈரம். பின்வீட்டு றோசா, கேக் சுட்டு விற்பவர், மெதடிஸ்தக் கிறிஸ்தவர், தன் அடுப்புக்கு மேலே காயவைத்திருந்த இரண்டு கட்டு விறகையும் தூக்கிக் கொடுத்தார். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் சுட விறகுக்கு என்ன செய்வது என்று அவர் அப்போது கதைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டார். ஒரு நாள் தண்ணீர் அள்ளக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டும் போனார். அன்று பின்னேரமே சுபைறா அதில் அள்ளி மாவைக் கழுவினார். ஏன் என்று பின்னர் கேட்டேன். என்னை அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்.

"மூணு தண்ணி வடிச்சு ஊத்துறதானே காக்கா. புளிப்பும் அழுக்கும் அதோட போற மாதிரி இந்த மருந்தும் போயிரும் எண்டு நினைச்சன்" என்றார்.

முப்பத்தைந்து வருடத் தொழில் சொல்லிக் கொடுத்த நம்பிக்கை அது. வடித்த நீரோடு எல்லாம் போய்விடும்.

அவருக்கு வெள்ளத்தில் நின்று தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்ததால் மணம் தெரியவில்லை. செவ்வாய் விடிந்து தாச்சியை வைத்து, தங்கச்சி கமீலாவோடு மாறி மாறிக் கிண்டினார். பத்தரைக்கு இறக்கி, காலிதீன் செய்து வைத்திருந்த நான்கு பலாமரத் தட்டுகளில் ஊற்றினார். விறகு பார்க்க வந்த றோசா ஒரு துண்டை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"சுபைறாக்கா, இது ஆஸ்பத்திரி மணக்குது."

"உனக்கு வாய் சரியில்ல."

"என்ட வாய் சரி. உங்கட மூக்குத்தான் சரியில்ல. கமீலாவக் கேளுங்க."

கமீலா தலையைக் குனிந்தார். "எனக்கும் மணந்த ராத்தா. எண்ணெய்யாக்கும் எண்டு நினைச்சன்."

"வாயத் திறந்து சொல்ல மாட்டியாகா?"

"சொல்லி என்ன செய்ற? வேற மாவா இரிக்கி? கூட்டத்தில ஆருக்குத் தெரியப் போகுது?"

சுபைறா எழுந்து வளவுக்குப் போனார். கோழிகளுக்கு ஒரு துண்டை உடைத்துப் போட்டார். ஒரு கோழி கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது. மற்றவை கிட்டவும் வரவில்லை. பிறகு தட்டுகளைக் கவிழ்த்து, அத்தனை மஸ்கட்டையும் வளவில் குழி வெட்டிப் புதைத்தார். மண் மூடி முடிந்தபோது நண்பகல் லுஹர் வாங்கு சொன்னது. மாவில்லை, சீனியில்லை. இரண்டு கட்டு விறகில் ஐந்து கட்டைகள்தான் மிச்சம்.

பின்னேரம் நாலரைக்கு அவர் கட்டைகளையும் வெறுந் தட்டுகளையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். கமீலாவும் றோசாவும் தாச்சியைப் பிடித்து வந்தார்கள். பதினான்காம் இடத்தில் மூன்று கற்களை வைத்து, தாச்சியை ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மூட்டினார். ஐந்து மணி நாலு நிமிடத்துக்குக் கொடி ஏறியது. நபி பேரில் ஓதும் சலவாத்துச் சத்தம் எழுந்தபோது அவர் மரத் துடுப்பால் அந்தத் தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மிஹ்லார் நின்றார். வெளியூர்க்காரர், பெட்டியில் அடைத்த மஸ்கட்டை லொறியில் கொண்டுவருபவர், இடத்துக்காக மூன்று வருடமாகக் காத்திருப்பவர். எட்டிப் பார்த்தார்.

"தண்ணி மஸ்கட் கிலோ எவ்வளவு ராத்தா?"

"உங்கட பெட்டிக்குள்ள இரிக்கிறதிலயும் இது நல்லம் தம்பி. இதில சாயமில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஹ்லார் முனாபைக் கூட்டி வந்துவிட்டார்.

"காக்கா, இஞ்ச பாருங்க. வெறுந் தண்ணி. இது கடையா?"

முனாப் தாச்சிக்குள் பார்த்தார். "என்ன புள்ள இது?"

"தண்ணிதான் காக்கா. ஒளிக்கல்ல. அடுப்பு எரியணும் எண்டுதானே முறை? தாச்சிக்குள்ள என்ன இரிக்கணும் எண்டு ஆரும் சொல்லல்லயே."

முனாப் குனிந்து அடுப்பைப் பார்த்தார். "ஓம். அடுப்புத்தான் முறை. வாங்கு வரைக்கும் எரியட்டும், எழுதுறன். அணைஞ்சா என்னக் கேக்காதங்க."

ஐந்து பதினெட்டுக்குத் தூறல் தொடங்கியது. கடைசிக் கட்டை ஐந்து இருபத்தேழுக்கு முடிந்தது. கமீலா வரிசை நெடுக விறகு கேட்டுப் போனார். எல்லோரும் எண்ணித்தான் கொண்டுவந்திருந்தார்கள், அவரவர் அடுப்பும் எரிய வேண்டுமே. வெறுங்கையோடு திரும்பி வந்து அழுதார்.

சுபைறா பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். பதினெட்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு. எண்ணெய் ஊறிக் கறுத்த பலா.

"ராத்தா, அது மச்சான்ட தட்டு."

"தெரியும்கா. பிடி."

முழங்காலில் வைத்து உடைக்க முடியவில்லை. றோசா கல்லை எடுத்து அடித்துப் பிளந்தார். எண்ணெய் குடித்த மரம் சட்டென்று பிடித்தது. இரண்டாம் தட்டு ஐந்து முப்பத்து மூன்றுக்குப் போனது. மூன்றாவது ஐந்து முப்பத்தெட்டுக்கு. முனாப் இரண்டாந்தரம் சுற்றி வந்தார், தட்டைப் பார்த்தார், அடுத்த அடுப்புக்குப் போனார். தாச்சித் தண்ணீர் பாதியாய் வற்றியிருந்தது. சுபைறா துடுப்பை நிறுத்தவேயில்லை.

நாலாவது தட்டை உடைக்காமலே அடுப்புக்குள் தள்ளினார். அதன் ஒரு மூலை பிடித்து எரியும்போது, ஐந்து நாற்பத்தாறுக்கு, பள்ளியில் வாங்கு சொன்னது. அவர் வெறுங்கையால் தட்டை இழுத்து ஈர மணலில் அமுக்கினார். வலது கை விரல் மூன்றில் கொப்புளம் பொங்கிவிட்டது.

முனாப் தொழப் போகுமுன் பேனையை எடுத்து எழுதினார். "பதினாலு, சுபைறா." பிறகு பேனையை மூடாமலே நின்றார்.

"நாளைக்கு என்னத்த விப்பீங்க?"

"தெரியா காக்கா. இடம் இரிக்கி."

மறுநாள் அவர் அங்கே எதுவும் விற்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமையும் அந்த ஆறடிக்கு எட்டடி இடத்தில் அவரும், கவிழ்த்த தாச்சியும், ஒரு மூலை கரிந்த தட்டும்தான் இருந்தன. கேட்டு வந்தவர்களை வரிசைக்கு வெளியே நின்ற மிஹ்லாரின் லொறிக்குக் கைகாட்டி அனுப்பினார்.