கட்டையில் தொங்கிய சாவி

எனக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் இல்லை என்று குறை சொல்கிறவர்கள் யாரும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

மைசூரில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. வீடாகக் கட்டியதை வாங்கி, மேலே மாடிகளை ஏற்றிப் பள்ளிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். ஆசிரியைகளுக்கென்று இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. அது பிரின்சிபால் அறையை ஒட்டிய சந்தில், எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். எப்போதோ யாரோ அதைத் தொலைத்துவிட்டார்களாம். அதனால் உடைந்த மர ஸ்கேல் ஒன்றை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சாவி வேண்டுமென்றால் கதவைத் தட்டி, "எக்ஸ்கியூஸ் மீ சார்" என்று உள்ளே போய், அட்மிஷனுக்காக உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களைச் சுற்றிக்கொண்டு, அவர் தலைக்கு மேல் கையை நீட்டி எடுக்க வேண்டும். பிறகு அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நடக்க வேண்டும். நான் எங்கே போகிறேன் என்று எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆண் ஆசிரியர்களுக்கு மைதானத்து மூலையில் ஒரு கழிப்பறை இருக்கிறது. அதற்குப் பூட்டே கிடையாது.

ஆகவே நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். புதிதாகச் சேருகிற ஆசிரியைக்கு நாங்கள் முதலில் சொல்வது பாடத்திட்டத்தைப் பற்றி அல்ல. "காலையில காப்பியைப் பாதி டம்ளரோட நிறுத்திக்கோ. தண்ணியெல்லாம் கடைசி பீரியட் முடிஞ்சப்புறம்தான்." அவளும் ஒரு வாரத்தில் பழகிவிடுவாள். நான் தினமும் ஒரு ஸ்டீல் பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோவேன், ஏறக்குறைய நிறையவே திருப்பிக் கொண்டுவருவேன். மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கருவேப்பிலைச் செடி இருக்கிறது. சாயங்காலம் பாட்டிலை அதற்குக் கவிழ்த்துவிடுவேன். அந்தத் தெருவிலேயே அப்படித் தழைத்த கருவேப்பிலை வேறு கிடையாது. என்ன உரம் போடுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என்னைத்தான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

இந்த அழகில் எங்கள் பள்ளிக்குத் தண்ணீர் மணி வந்தது. பிள்ளைகள் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை என்பதால், பாடத்துக்கு நடுவே மணி அடிக்கும். எல்லாரும் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. குடிக்கிறார்களா என்று பார்ப்பது வகுப்பில் இருக்கும் ஆசிரியையின் பொறுப்பு. மணி அடித்ததும் நான் வறண்ட நாக்கோடு, "குடிங்க, குடிங்க, உடம்புக்கு நல்லது" என்று உபதேசம் செய்துகொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போவேன். என் பாட்டில் மேசைமேல் மூடியபடி இருக்கும்.

போன கோடைக் கடைசியில், பள்ளி திறந்த புதிதில், வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே எனக்குக் குளிர் எடுத்தது. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் பல் கிட்டியது. இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் ஆணி அறைந்ததுபோல் வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மேல் ஊசி போட்டார்கள். சிறுநீர்த் தொற்று கிட்னிவரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். இப்படி வருவது எனக்கு முதல் தடவையும் அல்ல.

"தண்ணி குடிக்கறதில்ல, அடக்கி அடக்கி வெக்கறீங்க. திரும்பத் திரும்ப வந்தா கிட்னி தாங்காது மேடம். பழக்கத்தை மாத்துங்க" என்றார்.

பழக்கமாம்! நகம் கடிப்பதுபோல, நானாகவே ஆசைப்பட்டுப் பிடித்துக்கொண்ட பழக்கம்.

வீட்டில் அதைவிட மோசம். என் கணவர் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார். சமீபத்தில் நூறு வயது வாழ்வது என்று முடிவு செய்திருக்கிறார். ராத்திரி வெந்தயம் ஊறவைக்கிறார், காலையில் வேகமாக நடக்கிறார், நடந்த தூரத்தை வந்ததும் போனில் காட்டுகிறார். எனக்கு ஜுரம் விட்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"இங்க பாரு, தண்ணிக்குக் காசா பணமா? சும்மா பாட்டிலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வாயா குடிச்சா முடிஞ்சுது. நான் ஃபாக்டரில குடிக்கலையா?"

"உங்க ஃபாக்டரில பாத்ரூமுக்குப் போகணும்னா மேனேஜர் தலைக்கு மேல கை நீட்டணுமா?" என்றேன்.

"அதுக்கு என்ன, சார்கிட்ட சொல்லு, மாத்திடுவாரு."

இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! திரும்பி வேலைக்குப் போன அன்றே சொன்னேன். சாவியை ஸ்டாஃப் ரூமில் மாட்டிவைக்கலாமே, எனக்கு டாக்டர் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்றேன். பிரின்சிபால் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் அனுப்பியவர்தான். "அங்கே வெச்சா மறுபடி தொலைஞ்சுபோகும் மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிக் கன்னடத்தில் சிரித்தார். ஒரு பெண் தன் கிட்னியை எப்படி அட்ஜஸ்ட் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

அந்த மாதமே ஒரு சனிக்கிழமை எங்களுக்கெல்லாம் ஆரோக்கிய வகுப்பு நடந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். நீண்ட நாள் வாழ்வது, சுறுசுறுப்பாக வேலை செய்வது, எல்லாமே சின்னச் சின்னத் தினசரிப் பழக்கங்களில்தான் இருக்கிறது என்று திரையில் படம் போட்டு விளக்கினார். நன்றாகவே பேசினார். தண்ணீர் விலையில்லாத மருந்து என்றார். பிறகு, "உங்களில் எத்தனை பேர் வேளா வேளைக்குத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? கை தூக்குங்கள்" என்றார்.

அத்தனை பெண்களும் கை தூக்கினார்கள். பிரின்சிபால் முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் கிட்னியில் கல் அடைத்து ஆபரேஷன் செய்துகொண்ட கணக்கு மிஸ்ஸும் தூக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"குடிக்கறது சுலபம் சார். குடிச்சப்புறம் எங்கே போறது? எங்க பாத்ரூம் சாவி பிரின்சிபால் சார் தலைக்குப் பின்னாடி தொங்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேச வந்தவர், "நல்ல கேள்வி, அதை நீங்க உள்ளுக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அடுத்த படம் தூக்கத்தைப் பற்றி.

திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார் பிரின்சிபால். "வெளியாள் முன்னாடி இப்படியா பேசறது? வருஷக் கடைசில எல்லார் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரையும் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். சாவி ஆணியிலேயே இருந்தது. பயந்துபோய் நானும் வாயை அடக்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் பையனின் காலேஜ் ஃபீஸை எதை வைத்துக் கட்டுவது?

பிறகு ஒரு நாள் ஏழாம் வகுப்பில் தண்ணீர் மணி அடித்தது. வழக்கம்போல் பெஞ்சு பெஞ்சாகப் போனேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உதடு அழுத்தி மூடியிருந்தது. தொண்டை அசையவே இல்லை. இந்த வித்தையை நான் எங்கேயும் அடையாளம் கண்டுபிடிப்பேன். பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கும் ஜூஸை நான் குடிப்பது இப்படித்தான். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவளுக்கும் தொண்டை அசையவில்லை. பையன்கள் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிஸ், எங்க கேர்ள்ஸ் பாத்ரூம்ல தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு. ஃப்ரெண்ட் வெளில கதவைப் பிடிச்சுக்கணும். ஆனா ஒரு தடவைக்கு ஒருத்தரைத்தானே விடுவீங்க?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான் மிஸ், வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவோம்."

முகத்தில் வருத்தம்கூட இல்லை. பன்னிரண்டு வயதில் பழகியிருந்தாள். நாளைக்கு இவளிடமும் ஒரு டாக்டர் பழக்கத்தை மாற்றச் சொல்வார். எவனோ ஒருவன் திரையில் படம் போட்டு இவளுக்கும் விளக்குவான்.

எனக்குக் காலேஜ் ஃபீஸ் மறந்துபோயிற்று. மறுநாள் தண்ணீர் மணி அடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண்களை வரிசையாக நிற்கவைத்து அழைத்துக்கொண்டு கீழே போனேன். பிரின்சிபால் அறையில் ஒரு தம்பதி அட்மிஷனுக்காக உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டவில்லை. உள்ளே போய், அவர் தலைக்கு மேல் கையை நீட்டிச் சாவியை எடுத்தேன்.

"என்ன மேடம் இது, கிளாஸ் நேரத்துல?"

"பெண் பிள்ளைங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல சார். சரியாகறவரைக்கும் எங்க பாத்ரூமுக்குத்தான் வருவாங்க. ஒவ்வொரு மணிக்கும் நானே கூட்டிட்டு வரேன்."

உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இங்கே பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லையா சார்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதைக் கேட்க நான் நிற்கவில்லை.

வெளியே வந்து கட்டையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. என் கைப்பையில் இருந்த கத்திரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். சாவியைக் கழிப்பறைக் கதவிலேயே விட்டேன். கட்டையை மட்டும் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, மாணவிகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் மறுநாளே வந்துவிட்டது. ஆசாரி வந்து கால்மணி நேரத்தில் முடுக்கிவிட்டுப் போனார். பிள்ளைகளின் உடம்பை நினைத்து அல்ல. அட்மிஷனுக்கு வருகிறவர்கள் கண்ணெதிரே அந்த வரிசை நிற்கக் கூடாது என்பதற்காக. கால்மணி நேர வேலைக்கு இத்தனை பெண்களின் உடம்பா என்று நினைக்க நினைக்க எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் சாவி இதுவரை கதவில்தான் இருக்கிறது. என் ஆர்டர் வருமா என்று வருஷக் கடைசியில்தான் தெரியும். கருவேப்பிலை கொஞ்சம் வாடியிருக்கிறது என்கிறார் கணவர். குழாயில் பிடித்து ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

தாழ்ப்பாள் போட்ட மறுநாள் ஏழாம் வகுப்பில் மணி அடித்தது. மூன்றாம் பெஞ்சுப் பெண் பாட்டிலைத் திறந்தாள், ஆனால் வாயில் வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசைமேல் இருந்த என் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, பாதிவரை குடித்தேன். பிறகு அவள் தொண்டை அசைந்தது.